சென்டரிங் போடும் வீட்டில் லத்தீன் படிக்கும் மகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டு இடங்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். "சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லத்தீன் படிக்கிறாள். கேட்டால், ஐரோப்பாவில் பழைய தேவாலயக் கூரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள்" என்பது ஒன்று. "அவள் அப்பா முப்பது வருடமாகக் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறார். கூரை போடுவதற்கு லத்தீன் எதற்கு என்று கேட்கிறார்" என்பது இன்னொன்று.

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சம்பளம் கொடுக்கப்போகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள்.

தளம் போடுமுன் அடியில் பலகையும் முட்டும் கொடுப்பதை உங்கள் கணவர் தினமும் 'சென்டரிங்' என்றுதான் சொல்வார். அந்தச் சொல் கான்கிரீட்டுக்கு முந்தியது. கல்லில் வளைவு கட்டும்போது, உச்சியில் பூட்டுக்கல் உட்காரும்வரை மற்றக் கற்கள் தாமாக நிற்காது. அதுவரை அவற்றைத் தாங்க அடியில் ஒரு மரச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்துக்கு இருந்த பெயரைத்தான் நம் ஊர்க் கொத்தனார்கள் இன்றைக்கும் வாயில் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் படிக்க நினைக்கும் விஷயம் உங்கள் வீட்டுக்கு அவ்வளவு தூரமானதல்ல.

1174இல் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்தில் பாடகர் கூடம் தீக்கிரையானது. திரும்பக் கட்டுவதற்கு பிரான்சிலிருந்து சான்ஸ் நகரத்து வில்லியம் என்ற தலைமைக் கொத்தர் வந்தார். 1178இல், பெரிய வளைவுக் கூரைக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, காலடியில் மரங்கள் முறிந்து, கல்லும் கட்டையும் கூடவே விழ, ஐம்பது அடி உயரத்திலிருந்து அவர் கீழே விழுந்தார். உயிர் போகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தபடியே கொஞ்ச காலம் வேலையை நடத்திப் பார்த்தார். முடியாமல் ஊர் திரும்பினார். இதை நமக்கு எழுதி வைத்தவர் அதே மடத்துத் துறவி ஜெர்வாஸ். எழுதியது லத்தீனில்.

அந்த விபத்தைச் சொல்லும் வாக்கியத்தில் இரண்டு சொற்களைப் பாருங்கள். வில்லியம் ஆயத்தம் செய்தது 'மாக்கினா'க்களை. கூரைக்குச் செய்யப்போகும் வேலைக்குப் போட்டிருக்கும் வினை 'வோல்வெரே'. சாதாரண அகராதியில் முதல் சொல்லுக்கு இயந்திரம் என்றும், இரண்டாவதற்கு உருட்டுதல், சுழற்றுதல் என்றும் இருக்கும். மொழி மட்டும் தெரிந்தவர், 'கூரையை உருட்டுவதற்கு இயந்திரங்களைத் தயார் செய்தார்' என்று மொழிபெயர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். கட்டடம் தெரிந்தவருக்குத்தான் இடிக்கும். உருட்டுவதற்குக் கூரை என்ன பீப்பாயா? வளைவாகத் திருப்பிக் கட்டுவதைத்தான் அந்த வினை சொல்கிறது. 'மாக்கினா' எது என்று தேட அவர் இன்னும் ஐந்நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். 636இல் இறந்த செவில் நகரத்து ஆயர் இசிதோர், சொற்களின் பிறப்பை விளக்கும் தம் பெரிய நூலில், கொத்தர்களுக்கு 'மாக்கியோனெஸ்' என்ற பெயர் வந்ததற்குக் காரணம் சொல்கிறார்: சுவர் உயரமாக இருப்பதால் அவர்கள் ஏறி நிற்கும் 'மாக்கினா'க்கள். அதாவது சாரம். இசிதோரின் சொல் ஆராய்ச்சியை அப்படியே நம்பிவிட முடியாது, பாதி ஊகம். ஆனால் அந்தக் காலத்துக் காதில் அந்தச் சொல் எப்படி ஒலித்தது என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

ஒரே வாக்கியத்துக்கு மொழி, கட்டடம், இரண்டு அறிவும் தேவைப்படுகின்றன. இரண்டும் உள்ளவர்கள் உலகத்திலேயே குறைவு. உங்கள் மகளின் ஆசையில் எனக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

பிற்கால லத்தீன் என்பது, பள்ளிப் பாடத்தில் வரும் சிசரோ, வெர்ஜில் காலத்துக்குப் பிறகு, ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டது. அதற்குப் பின் இடைக்கால லத்தீன். அழகு குறைவு என்று பழைய பண்டிதர்கள் ஒதுக்கிய பகுதி. தொழில் சார்ந்த எழுத்து நிறையக் கிடைப்பதும் இங்கேதான். பல்லாதியுஸ் என்பவர் எழுதிய வேளாண்மைக் கையேட்டில், நாணலைக் கட்டித் தொங்கவிட்டு, மேலே காரை பூசி வளைவான உட்கூரை செய்யும் முறை இருக்கிறது. அதற்கு அவர் வைக்கும் பெயர் 'கமேரா'. கல் வளைவுக்கும் அதே பெயர்தான். ஒரு பழைய ஏட்டில் 'கமேரா' என்று கண்டவுடன் டன் கணக்கில் கல் பாரம் போட்டுக் கணக்குப் பார்க்கும் பொறியாளர், வெறும் நாணல் தட்டிக்குச் சுவர் தடிமன் கணக்கிட்டவர் ஆகிவிடுவார். நம் கைபேசியில் இருக்கும் கேமராவும் இந்தச் சொல்தான். வளைகூரை அறையாகி, இருட்டறையாகி, கடைசியில் படம் பிடிக்கும் பெட்டியாகிவிட்டது.

இனி சிவில் பக்கம். உங்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, இரண்டு முனையையும் இரண்டு விரலில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்த வளைவை அப்படியே கவிழ்த்தால், தன் எடையை மட்டும் சுமக்கும் கல் வளைவு நிற்கக்கூடிய வடிவம் வந்துவிடும். 1670களில் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்து, யாரும் திருடிவிடக் கூடாது என்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அச்சிட்டார். அவர் இறந்த பிறகு 1705இல்தான் விடை வெளியானது. அந்த விடையும் லத்தீன் வாக்கியம்தான்.

ரோம் புனித பேதுரு பேராலயத்தின் பெரிய குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, 1740களில் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜொவான்னி பொலேனி இதையே செய்து பார்த்தார். குவிமாடத்தை ஆரஞ்சுச் சுளைபோல் பிரித்து, சுளையின் பகுதிகளின் எடைக்கு ஈடாக 32 குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். கவிழ்த்த கோடு குவிமாடத்தின் கனத்துக்குள்ளேயே ஓடியது. விழாது என்றார். ஆனாலும் இரும்பு வளையங்கள் ஐந்து போட்டு இறுக்கினார்கள். 1966இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாக் ஹேமன், இந்தப் பழைய அறிவை இன்றைய கட்டமைப்புக் கோட்பாட்டோடு சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். கல் கட்டடம் இழுவையைத் தாங்காது, ஆனால் அமுக்கத்தில் நொறுங்குவது அபூர்வம், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், உதைக்கும் கோடு, அதாவது சுமை கல் வழியாக இறங்கும் பாதை, கல்லுக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. விரிசல் எல்லாமே ஆபத்தில்லை. கான்கிரீட்டில் பழகிய கண்ணுக்கு இதை ஏற்பது கஷ்டம். அதனால்தான் பல பழைய கட்டடங்களில் தேவையில்லாமல் கான்கிரீட்டைக் கொட்டிக் கெடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சரி, சோறு எங்கே என்று கேட்பீர்கள்.

தேவாலயத்தில் இருப்பதைவிட ரயில் பாலத்தில் அதிகம் இருக்கிறது. செங்கோட்டை – புனலூர் பாதையில் போயிருந்தால் அந்தப் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கல்லிலும் செங்கல்லிலும் கட்டிய வளைவுப் பாலங்கள் இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கில் இன்றைக்கும் ரயிலைச் சுமக்கின்றன. கட்டியபோது ஓடியதைவிட இன்று அதிக எடையோடும் வேகத்தோடும் ஓடும் ரயிலை அது தாங்குமா என்று பார்க்க, ஹேமன் வழியில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் வேண்டும். பேராலயத்துக்குப் போடும் கணக்கும் இதற்குப் போடும் கணக்கும் ஒரே இனம். இங்கே சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. வெளியே போனால், போர்ச்சுகலின் மின்யோ, பார்சிலோனாவின் கட்டலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பதுவா, பிராக் ஆகிய இடங்கள் சேர்ந்து, நினைவுச் சின்னங்களின் கட்டமைப்பு ஆய்வில் ஓராண்டு முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. வகுப்பு ஆங்கிலத்தில். எம்ஐடி, சூரிச்சின் ஈடிஹெச், மாட்ரிட் போன்ற இடங்களில் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட குழுக்கள் உண்டு. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ருதாம் எரிந்து, கூரை வளைவின் சில பகுதிகள் இடிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதே, அந்த ஐந்தாண்டில் இந்தத் துறைக்கு எத்தனை கண்கள் திரும்பின என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

அவளோடு நான் முரண்படும் இடமும் உண்டு. சிவிலை மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டு, வெளிநாட்டில் லத்தீன் இளங்கலையில் முதலாண்டிலிருந்து சேர்கிறேன் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கூடாது. மியூனிக்கில் 1894இல் தொடங்கிய லத்தீன் பேரகராதி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 600 வரையுள்ள எழுத்துகளிலிருந்து எடுத்த சுமார் ஒரு கோடிச் சீட்டுகள் பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. இன்னும் எல்லா எழுத்தும் முடியவில்லை. மதிக்க வேண்டிய வேலை, ஆனால் அதில் நாற்காலிகள் சொற்பம். பள்ளியிலேயே லத்தீன் தொடங்கிய ஜெர்மானிய, இத்தாலியப் பிள்ளைகளோடு வெறும் லத்தீனில் போட்டியிட்டு அந்த நாற்காலியைப் பிடிப்பதைவிட, அவர்கள் கையில் இல்லாத பொறியியலோடு போய் நிற்பது எவ்வளவோ மேல். சிவில் அவளுடைய வலது கை. லத்தீன் இடது கையாக வளரட்டும்.

நம் பிள்ளைகளுக்கென்றே இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. வீரமாமுனிவர் தம் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் வெளிவந்ததும் லத்தீனில்தான். தமிழும் லத்தீனும் சேர்ந்து படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். இது அவளுக்கு உபரி. பிழைப்பாக நம்ப வேண்டாம், ஆனால் தெரிந்திருக்கட்டும்.

பணத்தைப் பற்றி. முனைவர் பட்டத்துக்கு உங்கள் கையிலிருந்து கட்டணம் கட்டாதீர்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்தில் ஆய்வு மாணவர்களைப் பெரும்பாலும் ஊழியராகவே எடுத்துச் சம்பளம் தருகிறார்கள். சம்பளமோ உதவித்தொகையோ இல்லாத இடம் கிடைத்தால், இன்னும் ஓராண்டு காத்திருப்பது நல்லது. முதுகலைக்கு ஜெர்மனி போவதாக இருந்தால், விசாவுக்கு ஓராண்டுச் செலவாக ஏறத்தாழ 12,000 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதா மாதம் திரும்பக் கிடைக்கும். வீட்டை அடகு வைத்துப் போக வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டே தருகிறேன். பொறியியல் முதுகலைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி இங்கேயே முதுகலை முடித்துவிட்டு, இரண்டு வருடம் ஏதாவது ஒரு பாதுகாப்புப் பணியிடத்தில் சுண்ணாம்பையும் செங்கல்லையும் கையால் தொட்டுவிட்டுப் போனவர்கள், நேரே போனவர்களைவிட நன்றாக நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வயதில் திருமணம் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை அவளிடமே பேசிக்கொள்ளுங்கள். என் மேஜைக்கு வர வேண்டியதல்ல.

பேராசிரியர்களுக்கு அவள் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிட்டாள் என்றீர்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கீழ் ஏதாவது ஒரு தலைப்பில் ஆய்வு செய்ய ஆர்வம்' என்று அறுபது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பிய மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். ஒரு பதிலும் வரவில்லை. அதே ஆண்டு இன்னொருத்தி, ஒரு கட்டுரையின் வரைபடத்தில் உதைக்கும் கோடு ஒரு இடத்தில் கல்லுக்கு வெளியே போவதுபோல் இருக்கிறதே என்று ஒரே ஒருவருக்கு எழுதிக் கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி விண்ணப்பிப்பதற்கும், படித்துவிட்டுக் கேட்பதற்கும் இருக்கும் தூரம் அதுதான்.

இந்த விடுமுறைக்கு இரண்டு வேலை கொடுங்கள். ஏதாவது ஒரு பழைய வளைவை, உங்கள் ஊர் ஆற்றுப் பாலமானாலும் சரி, அளந்து, சங்கிலி தொங்கவிட்டு, உதைக்கும் கோட்டை வரைந்து எனக்கு அனுப்பட்டும். வில்லியம் விழுந்த அந்த ஜெர்வாஸ் பத்தியை லத்தீனிலிருந்து அவளே தமிழில் பெயர்த்து, ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். எங்கே முட்டு குறைந்ததால் மரம் முறிந்தது என்று அவருக்கு ஒரு கருத்து இருக்கும். அதையும் ஓரத்தில் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.