ஓப்பன் சோர்ஸ் வரைபடச் செயலிகளில், குறியிட்ட மலைநடைப் பாதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்களும் ஜெர்மனி பக்கம் எங்கோ இருக்கிறீர்கள், செயலியைத் திறந்தால் காடு முழுக்கப் புள்ளிக்கோடுகளாகத் தெரிகிறது, எதில் நடப்பது என்று புரியவில்லை. அப்படித்தானே? எனக்கும் அதே கதைதான்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்ம்ஆண்ட் (OsmAnd) என்ற வரைபடச் செயலியில் ‘கான்ஃபிகர் மேப்’ போய், ‘ரூட்ஸ்’ பகுதியில் ‘ஹைக்கிங் ரூட்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். நடைவழியைக் காட்ட மரங்களில் அடித்திருக்கும் அதே சின்னம் வரைபடத்திலும் வரும்.

இதை ஒன்றரை வருடம் தெரியாமலே இருந்தேன். நவம்பர் முதல் வாரம், பிளாக் ஃபாரஸ்ட்டில் டிட்டிசே ஊரிலிருந்து ஃபெல்ட்பெர்க் மலைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். என்னோடு சேர்த்து நான்கு பேர் போவதாகப் பேச்சு. மூன்று பேர் காலையில் போனையே எடுக்கவில்லை. வர முடியாவிட்டால் முந்தின இரவே ஒரு வரி அனுப்பினால் என்ன? ரயில் டிக்கெட்டை ஐந்து பேர் வரை சேர்ந்து எடுக்கலாம் என்று நான்தான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பணம் எவ்வளவு என்று இன்றுவரை யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. சரி, அதை விடுங்கள்.

தனியாக நடந்தேன். புள்ளிக்கோடு என்றால் நடைவழிதான் என்று நம்பி ஒன்றில் திரும்பினேன். அது மரம் வெட்டுபவர்களின் தடம். முக்கால் மணி நேரம் கழித்து, அடுக்கி வைத்த மரக்கட்டைகளுக்கு முன்னால் முடிந்துபோனது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் காலம். வந்த வழியே வேகமாக இறங்கினேன். நான் திரும்பிய அதே முனையில், ஒரு தேவதாரு மரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தகடு, அதில் சிவப்பு டைமண்ட். ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. போகும்போது போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

அது வெஸ்ட்வேக் என்ற நெடுந்தூர நடைவழியின் சின்னம். ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசெல் வரை சுமார் 285 கிலோமீட்டர். ஷ்வார்ட்ஸ்வால்ட்ஃபெரைன் என்ற நடைபயணச் சங்கம் 1900-இல் அமைத்தது. இன்றும் தன்னார்வலர்கள்தான் ஆணியும் தகடுமாகப் போய் அதைப் பராமரிக்கிறார்கள்.

இந்தச் செயலிகளுக்கெல்லாம் அடிப்படை, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம். அதில் தரையில் கிடக்கும் ஒற்றையடிப் பாதை வேறு, அதன்மேல் போகும் பெயருள்ள நடைவழி வேறு. துண்டு துண்டான பாதைகளைக் கோத்து ‘ரிலேஷன்’ என்று தனியாகப் பதிவார்கள். ‘ஹைக்கிங் ரூட்ஸ்’ அடுக்கை ஆன் செய்யாவிட்டால் எல்லாத் தடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இன்னொரு செயலியை வைத்திருந்தால், வேமார்க்ட் டிரெயில்ஸ் தளத்தில் வழியைத் தேடி, அதன் ஜிபிஎக்ஸ் கோப்பை (வழியின் தடம் பதிந்த கோப்பு) இறக்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்.

‘கூகுள் மேப்ஸ் போதாதா’ என்று கீழே யாராவது கேட்பார்கள். ஊருக்குள் போதும், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வரைபடத்தில் சின்னம் இல்லை என்றால் மரத்திலும் இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. யாரும் இன்னும் பதியாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் மரத்தை நம்புங்கள்.

அடுத்த சனிக்கிழமையே மறுபடி போனேன், தனியாகத்தான். அதே முனையில் போனிலும் சிவப்பு டைமண்ட், மரத்திலும் சிவப்பு டைமண்ட். இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன்.