டெக்ஸாஸ் பள்ளி வகுப்பறையில் பைபிளின் பத்துக் கட்டளைகளைப் போஸ்டராக மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மதமும் அரசும் தனித்தனி என்றார்களே? நாம் இதில் வாயைத் திறக்கலாமா?

திறக்கலாம். "வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு" என்று இங்கே ஏற்கெனவே சிலர் பதில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வேலை விசாவில் வந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும், குழந்தை தொடக்கப் பள்ளியில் படிக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். போஸ்டரைப் பார்த்துவிட்டு வீட்டில் ஏதோ கேட்டிருக்கும். உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, சொன்னால் என்ன ஆகுமோ என்ற தயக்கம்தான். சரிதானே?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து நிற்பார்கள். நான் நாத்திகம் பேசுகிறவள் இல்லை. காலையில் விளக்கேற்றாமல் காபி குடிக்க மாட்டேன். கிறிஸ்தவத்தின் மேலும் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, தினமும் காலையில் அவர்களோடு ஜெபம் சொல்லி வளர்ந்தவள். ஆனால் அது அவர்களுடைய பள்ளி. அப்பா தெரிந்தே சேர்த்தார், பணம் கட்டினார், பிடிக்காவிட்டால் வேறு பள்ளி இருந்தது. இங்கே அரசுப் பள்ளி. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது, வீட்டுக்குக் கட்டுகிற சொத்து வரியில்தான் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஓடுகிறது. அந்த வரியை நானும் கட்டுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை போஸ்டரில் தொடங்கவில்லை, வாலிபாலில் தொடங்கியது. 2022இல் என் மகள் ஏழாம் வகுப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கோச் பெண்களை வட்டமாக நிற்க வைத்து, கை கோர்க்கச் சொல்லி, தானே ஜெபம் செய்வார். "இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்று முடியும். ஒரு நாள் ராத்திரி தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இவள் கேட்டாள்: "அம்மா, ஆமென் சொல்லலைன்னா கோச்சுக்குத் தெரிஞ்சிடுமா?"

தெரிந்தால் என்ன என்றேன்.

"அப்புறம் முதல் ஆறு பேர்ல என்னைப் போட மாட்டாங்களோ?"

அப்போது என் மாமியார் வந்திருந்தார். "எந்த சாமியா இருந்தா என்ன, கும்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றார். அவர் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், நாகூர் தர்காவுக்கும் வேண்டிக்கொண்டு போனவர். அந்தப் பெரிய மனசை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேளாங்கண்ணிக்கு அத்தை தானாகப் போனார். ஏற்றாவிட்டால் எதுவும் கைவிட்டுப் போகும் என்று பயந்து அவர் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தை, தன்னை ஆட்டத்தில் இறக்குவதா உட்கார வைப்பதா என்று முடிவு செய்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமென் சொல்வது பக்தியில் சேராது.

கோச்சைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண்மணிதான். "யாருக்கும் அடிபடக் கூடாது என்றுதானே ஜெபிக்கிறேன்" என்றார். கோச்சுகள் ஜெபம் செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே இப்போது சொல்லிவிட்டது என்றும் சொன்னார். அப்புறம், "உங்கள் மகளுக்குச் சங்கடமாக இருந்தால் அந்த ஒரு நிமிஷம் ஜிம்முக்கு வெளியே நிற்கட்டும், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கட்டும்" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மற்றவர்கள் சாமி கும்பிடும்போது நீ வெளியே நில் என்று ஒரு குழந்தையிடம் சொன்னால் அது எங்கே போய்த் தைக்கும் என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடிவாதம் வந்தது அந்த இடத்தில்தான்.

கோச் சொன்ன தீர்ப்பை அன்று ராத்திரியே எடுத்துப் படித்தேன். (நான் வக்கீல் இல்லை. ஆனால் தீர்ப்பு இணையத்தில் கிடக்கிறது, படிக்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை.) வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமெர்டன் என்ற ஊரின் ஃபுட்பால் கோச் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபம் செய்த வழக்கு. 2022 ஜூனில் 6க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள் அனுமதித்தது அவர் தனக்காகச் செய்துகொண்ட ஜெபத்தை. மாணவர்களைக் கூட்டிவைத்து நடத்துவதை அல்ல. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சோட்டோமாயோர், கென்னடியைச் சுற்றி ஆட்டக்காரர்கள் குழுமி நிற்கும் புகைப்படங்களையே தீர்ப்பில் சேர்த்திருக்கிறார். அந்த அணியில் நாத்திகனான ஒரு பையன், சேராவிட்டால் அதிகம் ஆட விட மாட்டார்களோ என்று பயந்து சேர்ந்ததாக அவன் பெற்றோர் சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது. என் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்ட அதே கேள்வி.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் பரம்பரையாக வந்தவர். அவரிடம் சொன்னபோது என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் வந்தது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே இருக்கிற இந்தச் சுவரைக் கேட்டு வாங்கியதே நாங்கள்தான் என்றார். உண்மைதான். கனெக்டிகட்டில் அன்று காங்கிரிகேஷனல் சபைதான் மாநிலத்தின் சபை. மற்றவர்கள் அதற்கு வரி கட்டாமலிருக்க, நான் வேறு சபை என்று சான்று கொடுக்க வேண்டும். அந்த மாநிலத்தின் டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் அன்றைய அதிபர் ஜெஃபர்சனுக்கு முறையிட்டு எழுதினார்கள். 1802 ஜனவரி 1ஆம் தேதி அவர் எழுதிய பதிலில்தான் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற பேச்சு வருகிறது. அதற்கும் முன்னால், 1644இலேயே, ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் திருச்சபை என்ற தோட்டத்துக்கு வேலி வேண்டும் என்று எழுதினார். அவர் பயந்தது, அரசாங்கம் உள்ளே புகுந்து தோட்டத்தைக் கெடுத்துவிடும் என்று. வர்ஜீனியாவில் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். ஆக, இது சாமி இல்லை என்கிறவர்கள் கட்டிய சுவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்தியுள்ள சிறுபான்மையினர் கெஞ்சிக் கேட்டது.

"சுவர் என்ற சொல் அரசியல் சட்டத்திலேயே இல்லையே" என்பார்கள். இல்லைதான். 1791இன் முதல் திருத்தத்தில் இருப்பது, மதத்தை நிறுவும் சட்டத்தைக் காங்கிரஸ் (இந்நாட்டு நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்பது. மாநிலங்களை அது அன்று கட்டுப்படுத்தவில்லை, மாசசூசெட்ஸில் 1833 வரை சபைக்கு வரி இருந்தது. மதத்தை நிறுவக் கூடாது என்ற பகுதி மாநிலங்களையும் கட்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1947இல்தான். டாலர் நோட்டில் கடவுளை நம்புகிறோம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது தேசிய வாசகமானது 1956இல், சோவியத் பயத்தில்.

மீண்டும் பள்ளிக்கு வருகிறேன். பிரின்சிபலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. ஊழியர்கள் மாணவர்களின் ஜெபத்தை நடத்துவது பற்றி ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விதி என்ன, எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். கூடவே சான்டா ஃபே வழக்கைக் குறிப்பிட்டேன். சான்டா ஃபே ஹூஸ்டனுக்கும் கால்வெஸ்டனுக்கும் நடுவே உள்ள ஊர், எங்களுக்குப் பக்கம்தான். ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வது செல்லாது என்று 2000இல் தீர்ப்பானது அந்த ஊர்ப் பள்ளி மேல்தான். வழக்குப் போட்டது ஒரு மார்மன் குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். ஊருக்குப் பயந்து பெயரை மறைத்துத்தான் போட்டார்கள்.

அடுத்த வாரமே கோச் ஜெபம் நடத்துவது நின்றது. பெண்களில் ஒருத்தி தானாக நடத்த ஆரம்பித்தாள், விருப்பப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அது முழுக்கச் சட்டப்படி சரி, எனக்கும் மகிழ்ச்சி. என் மகள் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். இரண்டு அம்மாக்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். மகளை ஆட்டத்திலிருந்து யாரும் நிறுத்தவில்லை.

இப்போது உங்கள் போஸ்டர். கென்டக்கி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகள் மாட்டியதை 1980இலேயே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு எந்த அளவுகோலை வைத்து நின்றதோ, அரசு மதத்தோடு கலக்கிறதா என்று பார்க்கும் அந்த 1971ஆம் ஆண்டு அளவுகோலை 2022 கென்னடி தீர்ப்பு தூக்கிப்போட்டது. அதனால்தான் லூயிசியானா 2024இலும் டெக்ஸாஸ் 2025இலும் துணிந்து சட்டம் போட்டன. டெக்ஸாஸ் சட்டப்படி 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு வகுப்பறையிலும். எழுத்தும் தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். யூதர்கள் ஒரு மாதிரி, கத்தோலிக்கர் ஒரு மாதிரி, புராட்டஸ்டன்ட் ஒரு மாதிரி எண்ணுகிற கட்டளைகளில் எந்த வடிவம் என்பதையும் அரசே தேர்ந்தெடுத்துவிட்டது. விக்கிரகம் செய்யாதே என்ற வரி அதில் இருக்கிறது. வீட்டில் பிள்ளையாருக்குப் பூ வைத்துவிட்டுப் போகிற குழந்தை நாள் முழுக்க அந்த வரியின் கீழே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரு ஃபெடரல் நீதிபதி சில டிஸ்ட்ரிக்டுகளில் இதற்குத் தடை விதித்தார், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்குப் போட்டவர்களில் யூதர்கள், கிறிஸ்தவர்களோடு இந்துக் குடும்பமும் உண்டு. "நம்மவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை" என்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பேர்லாந்து மீனாட்சி கோவிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே அரசாங்க அதிகாரி யாரும் உண்டியலைத் திறந்து எண்ணுவதில்லை, பூஜையை இப்படிச் செய் என்று சொல்வதில்லை. ஊரில் அறநிலையத் துறை பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுகிற நம் ஆட்கள், கோவிலை இங்கே சுதந்திரமாக நடத்த விடுவதும் அதே சுவர்தான் என்பதை யோசிப்பதில்லை. சுவரில் ஓட்டை போட்டால் ஒரு பக்கம் மட்டும் போடுகிற வித்தை யாருக்கும் தெரியாது. 2007இல் அமெரிக்க செனட்டில் முதல்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை நடந்தபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கத்தி இடைமறித்தார்கள். அரசே மேடை போட்டு ஜெபத்தை நடத்தினால் யார் சாமி பெரியது என்ற சண்டையும் அந்த மேடைக்கே வந்து சேரும்.

நம் ஆட்கள் ஏன் பேசுவதில்லை என்பது எனக்கும் தெரியும். கோவில் வாட்ஸ்அப் குழுவில் நான் இதை எழுதியபோது ஒருவர் தனியாக அழைத்து, "அக்கா, எங்க கிரீன் கார்டு இன்னும் வரலை, எங்க பேரை மட்டும் இழுத்துடாதீங்க" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, இந்தியாவில் பிறந்த ஒரே காரணத்துக்காக மனிதர்களைப் பல வருடங்கள் வரிசையில் நிறுத்துகிறார்கள். பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் அப்பா அம்மா வரிசையிலிருந்து அவன் விழுந்துவிடுவான், இங்கேயே வளர்ந்தவனாக இருந்தாலும். வேலை, வீடு, வரி எல்லாம் இங்கே, குரல் மட்டும் இல்லை. எங்களுக்கும் அந்த வரிசை தெரியும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். இல்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் செய்யக் கூடியது: முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்ட் வழக்கில் இருக்கிறதா, இப்போது தடை உண்டா என்று பாருங்கள், அது மாறிக்கொண்டே இருக்கிறது. டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், சட்டம் போட்டது அவர் இல்லை. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். பள்ளியில் காலையில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியில் வருகிற கடவுள் பெயர் சங்கடமாக இருந்தால், பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும், குழந்தையைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். உறுதிமொழியைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற 1943 தீர்ப்பு இன்னும் அசையாமல் நிற்கிறது, அதை வாங்கிக் கொடுத்ததும் ஒரு சின்ன கிறிஸ்தவப் பிரிவான யெகோவா சாட்சிகள்தான். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், குடியுரிமை கேட்பதில்லை. கூட்டத்துக்கு முன்பே பெயர் பதிவு செய்ய வேண்டியிருக்கும், டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பாருங்கள்.