வாசகர் கேள்வி – பதில்: ரயில், விமானம், சாலைச் சட்டங்களில் பயணிக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை மருத்துவமனையில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்று தயக்கமாக இருக்கிறது. சிகிச்சைச் செலவு யார் பொறுப்பு?
– வாசகர், நாமக்கல்

பதில்: தயங்கவே வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, ஹெல்மெட் இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பதுதான். அதே திருத்தம் சேர்த்த 134-ஏ பிரிவைப் பலர் அறியவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். பிரதிபலன் பாராமல் உதவ முன்வருபவர் மீது, உதவும்போது கவனக்குறைவு நேர்ந்து அடிபட்டவர் உயிரிழந்தாலும்கூட, உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்கிறது அந்தப் பிரிவு. பெயர், முகவரியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவரை வற்புறுத்தக் கூடாது என்று 2020-இல் வெளியான விதிகள் கூறுகின்றன. இந்த உரிமைகளை உள்ளூர் மொழியிலும் எழுதி, மருத்துவமனை நுழைவாயிலிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ வைக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கட்டணமில்லா சிகிச்சை கிடைக்க மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று அதே திருத்தத்தின் 162-ஆவது பிரிவு கட்டளையிட்டது. ஆனால் ஆண்டுகள் பல ஓடியும் திட்டம் வரவில்லை. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அந்தக் கெடுவும் கடந்த பிறகு, மே மாதத்தில்தான் அறிவிக்கை வெளியானது. அதன்படி, எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவரானாலும், பட்டியலிடப்பட்ட மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். முதல் 48 மணி நேரத்துக்கான தமிழ்நாடு அரசின் இலவசத் திட்டம் 2021 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. மோதிய வாகனம் நிற்காமல் சென்று, எதுவென்றே தெரியாமல் போனால், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு.

கேள்வி: ரயில்வே சட்டத்தையும் திருத்தியிருக்கிறார்களே, விபத்தில் சிக்கும் பயணிக்கு அதனால் கூடுதலாக ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: கிடைக்காது. 2025-ஆம் ஆண்டின் திருத்தம், ரயில்வே வாரியத்துக்கென்று 1905-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தை நீக்கி, அதன் ஏற்பாடுகளை 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது நிர்வாகச் சீரமைப்பு மட்டுமே. ரயில்வேக்குத் தனித்தியங்கும் ஒழுங்காற்று ஆணையம் வேண்டும் என்று 2015-இலேயே பொருளாதார அறிஞர் பிபேக் தேவ்ராய் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. சட்டத்தைத் திறந்து திருத்திய நேரத்தில் அதைச் சேர்க்காமல் விட்டது நல்ல வாய்ப்பைத் தவறவிட்டதாகும் என்றே கருதுகிறேன்.

இழப்பீட்டு உரிமை பழைய சட்டத்திலேயே இருக்கிறது. ரயில் விபத்தில் உயிரிழந்தாலோ, ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து உயிரிழந்தாலோ, ரயில்வேயின் தவறு என்று நிரூபிக்காமலேயே 8 லட்சம் ரூபாய் கோரலாம். தற்கொலை, குடிபோதை போன்றவை விலக்கு. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ள முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் தவறவிடக் கூடாதது கால வரம்பு: ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது.

கேள்வி: விமானம் தாமதமானால் புதிய விமானச் சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், விமானங்களின் வடிவமைப்பு, தயாரிப்பு, பராமரிப்பு, இயக்கம் ஆகியவற்றையும் அவற்றைக் கண்காணிக்கும் அமைப்புகளையும் பற்றியது; தாமதத்துக்கான நஷ்டஈடு அதில் இல்லை. தாமதத்தின்போது உணவு, ரத்தானால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறுதல் போன்றவை மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ வகுத்த விதிமுறைகளில் உள்ளன. விமான நிறுவனம் தர மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்கு டிக்கெட்டையும், தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.