மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆறு வருடமா?

கோபியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கமுங்க.

உங்கள் பாப்பா ஆறு வருட மருந்தாளுநர் படிப்பான ஃபார்ம்.டி. படிக்க ஆசைப்படுகிறாள், உங்கள் வீட்டுக்காரர் மேலே உள்ள கேள்வியைக் கேட்கிறார். கேட்டதில் தப்பில்லை. மருந்துக் கடை வைப்பதுதான் எண்ணம் என்றால் இரண்டு வருட டிப்ளமோவான டி.ஃபார்ம். போதும். ஆறு வருடம் வேறு வேலைக்கு.

உங்கள் மாமனாருக்குப் புஜத்தில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே சொல்கிறேன். அது ரத்தத்தில் அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திசுநீரில் அளக்கிறது. சாப்பிட்டவுடன் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்போது, விரலைக் குத்திப் பார்க்கும் எண்ணைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். இதை யாரும் சொல்லாவிட்டால் "மெஷின் பொய் சொல்லுது" என்று பெரியவர் பிய்த்துப் போட்டுவிடுவார். அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தாலும் சர்க்கரை இறங்கியதாக நடுராத்திரியில் அலாரம் அடிக்கலாம். விரலில் குத்திப் பார்த்தால் சரியாக இருக்கும்.

இன்னொன்று. லிப்ரே என்ற பிராண்டின் சில சென்சார்களில், தினம் 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. இந்த மாத்திரை பெரும்பாலும் டாக்டர் சீட்டில் இருக்காது, சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கியதாக இருக்கும். டாக்டருக்கு எப்படித் தெரியும்? "வேற என்னங்க சாப்பிடறீங்க?" என்று உட்கார்ந்து கேட்கிற மருந்தாளுநருக்குத்தான் தெரியும்.

அப்புறம், அந்த சென்சார் இரண்டு வாரத்துக்குப் போட்டுக் காட்டும் சர்க்கரை வரைபடம். பொதுவாகச் சர்க்கரை 70 முதல் 180க்குள் 70 சதவீத நேரம் இருக்க வேண்டும் என்பார்கள். தள்ளாத வயதுக்காரருக்கு 50 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். ஆனால் 70க்குக் கீழே 1 சதவீத நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டு, பதினொரு மணிக்குச் சாப்பிட வருகிறவரின் வரைபடத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்து, காரணத்தைக் கேட்டறிந்து, டாக்டரிடம் கொண்டுபோவது மருந்தாளுநர் செய்யக்கூடிய வேலை. மருந்தின் அளவை அவரே மாற்ற நம் நாட்டில் அனுமதி இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் டாக்டருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு மாற்றுகிறார்கள்.

இந்த வேலை பாப்பாவுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. தாத்தாவின் வரைபடத்தை ஒரு வாரம் அவளிடமே கொடுங்கள். சாப்பாடு, மாத்திரை, நடை எல்லாவற்றையும் கேட்டு நேரத்தோடு எழுதட்டும், மருந்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். கேட்கவே கூச்சப்படுகிறாள் என்றால் நான்கு வருட பி.ஃபார்ம். எடுத்து மருந்துக் கம்பெனியில் தயாரிப்பு, தரச் சோதனைப் பக்கம் போகலாம். அதுவும் நல்ல வழிதான். எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஆறுதலுக்காக மட்டும் ஃபார்ம்.டி. வேண்டாமுங்க. நீட் தேவையில்லை என்பதாலேயே சேர்ந்து, மூன்றாம் வருடத்தில் முகம் வாடுகிற பிள்ளைகள் உண்டு. தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது, அதையும் தெரிந்தே சேருங்கள்.

சேர்ப்பதென்று முடிவானால் ஈரோடு, குமாரபாளையம், கோவை என்று கல்லூரிக்குப் பஞ்சமில்லை. கட்டிடத்தைப் பார்த்து மயங்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். ஃபார்ம்.டி. நடத்த 300 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், பிள்ளைகள் டாக்டரோடு வார்டு சுற்றுகிறார்களா அல்லது ஓரமாக நின்று கேஸ் ஷீட் பார்த்து எழுதுகிறார்களா என்று சீனியர்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆறாம் வருடம் முழுக்கப் பயிற்சி: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். அந்த வருடத்துக்கும் கட்டணம் உண்டா, உதவித்தொகை தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.