முதல் முறை கேட்கும் காது

கேள்வி: மூன்று வருடமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடிப் பதிவு செய்கிறேன். சமீபத்தில் இணையத்தில் நடக்கும் பாட்டு எழுதும் போட்டி ஒன்றில் சேர்ந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்குள் எழுதிப் பாடி அனுப்ப வேண்டும். அப்புறம் போட்டியாளர்களே மற்றவர்களுடைய பாட்டுகளைக் கேட்டுக் கருத்து எழுதி, மார்க்கும் போட வேண்டும். முதல் சுற்றில் 22 பாட்டுகள். அதில் ஒருவருக்கு, "சுருதி சேரவில்லை, வரிகளில் புதிதாக ஒன்றும் இல்லை, வேறு யாரையாவது பாட வைத்திருக்கலாம்" என்று எழுதினேன். நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் அவர் பாட்டை எடுத்துவிட்டுப் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். வெளியே யாருக்கும் காட்டிய அவருடைய முதல் பாட்டு அது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் பயந்துபோய் எல்லோருக்கும் "அருமை", "சூப்பர்" என்று மட்டும் எழுதினேன். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை. என் பாட்டுக்கும் அதே "அருமை"தான் வந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உண்மையைச் சொல்வதா, மனம் நோகாமல் சொல்வதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உண்மையா, மனம் நோகாமலா என்று இரண்டில் ஒன்றைக் காட்டச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். நீங்கள் எழுதிய இரண்டு விதக் கருத்திலும் எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. "வரிகளில் புதிதாக ஒன்றும் இல்லை" என்பதை அந்த 22 பாட்டில் எதன் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். "அருமை"யையும் அப்படியே ஒட்டலாம். இரண்டிலுமே, அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்ட ஒரு ஆளின் சுவடு இல்லை. எந்த வரி காதில் விழுந்தது, எது விழவில்லை, எந்த இடத்தில் மனசு வேறெங்கோ போனது என்று எதுவும் இல்லை. அவர் நொந்துபோனதற்கு உண்மை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கையில் எடுத்துத் திருத்திப் பார்க்க ஒன்றுமே இல்லாத உண்மை அது.

பாட்டு எழுதுகிற யாராலும் செய்யவே முடியாத காரியம் ஒன்று உண்டு. தன் பாட்டை முதல் முறையாகக் கேட்பது. எழுதும்போது முணுமுணுத்து, மெட்டுக்காக மாற்றி, பதிவில் திரும்பத் திரும்பப் பாடி, அனுப்புவதற்குள் நூறு தடவையாவது அவர் அதைக் கேட்டிருப்பார். வரிகள் மனப்பாடம். ஒரு சொல் கிதார் சத்தத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்தாலும் அவருக்கு அது தெளிவாகவே கேட்கும், மனசு இட்டு நிரப்பிக்கொள்ளும். உங்களுக்கு அப்படி இல்லை. உங்களிடம் இருப்பது அவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பெற முடியாத காது. அதுவும் ஒரே ஒரு முறைதான். இரண்டாம் தடவை கேட்கும்போதே அது பாதி போய்விடும். அதை வீணாக்காமல் அவரிடம் கொடுப்பதுதான் கருத்து எழுதுவது என்று நான் நினைக்கிறேன்.

அதனால் முதல் தடவை கேட்கும்போது, பாட்டோடு வரிகளை எழுதி அனுப்பியிருந்தாலும் அதைத் திறக்காதீர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். ஒரு தாளில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 0:48-இல் சிலிர்த்தது, 1:20-இல் சொல் புரியவில்லை, 2:05-இல் கவனம் போய்விட்டது. நான்கைந்து குறிப்பு போதும். அப்புறம் வரிகளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். அவர் "நிழலாய் வந்தாய்" என்று எழுதியிருப்பார், உங்கள் காதில் "நிலவாய் வந்தாய்" என்று விழுந்திருக்கும். இதை அவரிடம் சொன்னால் எந்த மனமும் நோகாது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்படிக் காதில் விழுந்ததற்குக் காரணம் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். மனிதக் காது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். மெய்யெழுத்துகளின் தெளிவும் பெரும்பாலும் அந்தப் பகுதியை நம்பித்தான் இருக்கிறது. கிதாரின் உரசலும் டிரம்ஸின் சிம்பல் ஓசையும் அதே இடத்தில் வந்து நின்றால் சொல் மங்கிவிடும். "உங்கள் உச்சரிப்பு சரியில்லை" என்று எழுதத் தோன்றும்போது, "சரணத்தில் கிதாரைக் கொஞ்சம் இறக்கினால் சொல் மேலே வரும் என்று நினைக்கிறேன்" என்று எழுத முடிகிறதா பாருங்கள். பல நேரம் அதுதான் சரியான கண்டுபிடிப்பாகவும் இருக்கும்.

நம் மொழியில் பாட்டு எழுதுபவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருத்து எழுதும் பலரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழில் குறிலை நெடிலாக்கினால் பொருளே மாறிவிடும். மலை, மாலை. படம், பாடம். குடை, கூடை. விடு, வீடு. பேசும்போது நாம் யாரும் குழம்புவதில்லை. ஆனால் மெட்டுக்கு இந்த இலக்கணம் தெரியாது. "மலை தாண்டி வருவேன்" என்று ஒருவர் எழுதுகிறார். மெட்டில் நீளமான சுரம் "ம"வின் மேல் விழுகிறது. அவர் நான்கு எண்ணிக்கைக்கு இழுக்கிறார். கேட்பவர், மாலைப் பொழுது தாண்டி வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அங்கே பாறையும் பள்ளமும் வரும்போது குழம்புகிறார். எங்கே குழம்பினோம் என்று அவருக்கே தெரியாது, "வரிகள் மனதில் நிற்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். நீங்கள் அந்த இடத்தைப் பிடித்து, "இழுப்பை 'லை'க்குத் தள்ளிப் பாடிப் பாருங்கள்" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மெட்டையும் மாற்ற வேண்டாம், சொல்லையும் மாற்ற வேண்டாம்.

அதேபோல மூச்சு வாங்கும் இடம். சீருக்காக ஒரு சொல்லை நடுவில் உடைப்பதை யாப்பில் வகையுளி என்பார்கள். செய்யுளில் அதைக் கண் சமாளித்துக்கொள்ளும். பாட்டில் "காத்தி..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "...ருந்தேன்" என்று தொடர்ந்தால், அந்தக் காத்திருப்பின் வலி முழுவதும் அந்த இடைவெளியில் கொட்டி வீணாகிவிடும்.

சரி, அவருடைய சுருதிக்கு வருகிறேன். பாட்டு எழுதும் போட்டி என்பதால், எழுதியவர் வேறு வழியில்லாமல் தானே பாடியிருக்கலாம். குரலைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "வேறு யாரையாவது பாட வைத்திருக்கலாம்" என்பது பாட்டைப் பற்றிய பேச்சு இல்லை, அந்த மனிதரைப் பற்றியது. உங்கள் கருத்தில் உண்மையிலேயே தவறு என்று நான் சொல்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். சுருதி விலகுவதற்குப் பாடத் தெரியாதது மட்டுமே காரணம் இல்லை. சரணத்தின் உச்சத்தில் மட்டும் விலகுகிறதென்றால் அவர் எடுத்த சுருதி அவருடைய குரலுக்கு அதிகம் என்று பொருள். அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடிப் பார்க்கச் சொல்லலாம். பாட்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறதென்றால், இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு பாடியதில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காமல் போயிருக்கலாம். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் பலருக்கு இது சரியாகிவிடும். குரல் வெடித்துக் கரகரப்பது வேறு விஷயம். அது பதிவு செய்யும்போது ஒலி அளவு மீறியதால் வருவது. பிறகு சத்தத்தைக் குறைத்தால் போகாது, மைக்கைத் தள்ளி வைத்துத் திரும்பப் பாடுவதுதான் நல்லது.

"வரிகளில் புதிதாக ஒன்றும் இல்லை" என்பதற்குப் பதில் என்ன எழுதலாம்? நீங்கள் கேட்ட பாட்டு எனக்குத் தெரியாது. இப்படி ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவைப் பற்றியது. நிலவு, கனவு, கண்ணீர், மேகம் எல்லாம் வருகின்றன. நடுவில் ஒரே ஒரு வரி: "நீ மடித்து வைத்த பக்கத்திலேயே புத்தகம் இருக்கிறது." நான் என்றால் நிலவைப் பற்றி ஒன்றுமே எழுதமாட்டேன். "1:12-இல் அந்தப் புத்தகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அங்கே ஒரு வீட்டுக்குள் போய்விட்டேன். இரண்டாம் சரணத்திலும் அப்படி ஒரு பொருள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று எழுதுவேன். நிலவு பழசு என்பது அவருக்கே புரிந்துவிடும். தன்னிடம் என்ன நன்றாக இருக்கிறது என்று தெரியாமல்தான் புதிதாக எழுதுபவர்கள் தவிக்கிறார்கள். குறையைக்கூட அவர்கள் ஓரளவு உணர்ந்திருப்பார்கள். எந்த வரி தன்னுடையது என்று தெரிவதில்லை.

எனக்கு ஒருமுறை நடந்தது இது. பாட்டு எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு தோழியிடம் பாடிக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "இரண்டாவது சரணம் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துட்டேன்டி, ஏன்னு தெரியலை" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். முதல் சரணத்தில் சொன்னதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லியிருந்தேன். அவள் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, தனக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஜன்னல்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-இல் இதற்கு ஒரு முறையே வகுத்தார். படைப்பைப் பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தனக்குச் சந்தேகமானதைக் கேட்பார். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிய பிறகு. எழுத்தில் இந்த நான்கையும் அப்படியே செய்ய முடியாது. ஆனால் மூன்றாவது படியை எடுத்துக்கொள்ளுங்கள். "சரணம் ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது?" என்பது கேள்விக்குறி போட்ட திட்டு. "சரணத்தில் பேசுவது மகளா, அம்மாவா?" என்பது கேள்வி. பதில் தெரியாமல் கேட்கிறீர்கள் என்பது அவருக்குப் புரியும்.

ஒரு வாரத்தில் எழுதிய பாட்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2004-இல் தொடங்கிய பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மந்த் என்ற இணையச் சவாலில் 28 நாளில் 14 பாட்டு எழுதப் பார்ப்பார்கள். இந்த வேகத்தில் வருவதெல்லாம் முதல் வரைவுதான். சிலர் திருத்தத் தயாராக இருப்பார்கள், சிலர் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக நினைப்பார்கள். தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். அவர் வரியை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுப்பதை மட்டும், அவராகக் கேட்கும்வரை செய்யாதீர்கள்.

மார்க் விஷயம் சுருக்கமாக. எல்லாப் பாட்டுக்கும் கருத்து எழுதி முடித்த பிறகு மார்க் போடுங்கள். ஒரே மூச்சில் 22-ஐயும் கேட்டால் கடைசிப் பாட்டுகளுக்கு உங்கள் களைப்புதான் மார்க் போடும், அதனால் நான்கைந்தாகப் பிரித்துக் கேளுங்கள். சத்தமாகப் பதிவான பாட்டு, தரத்தில் ஒன்றாகவே இருந்தாலும் மற்றதைவிட நன்றாக இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், உங்கள் பாட்டைத் தோற்கடித்துவிடும் என்று உள்ளுக்குள் தோன்றுகிற பாட்டு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் இருக்கும். அதற்கு எழுதிய கருத்தை மட்டும் ஒரு நாள் கழித்து மறுபடி படித்துவிட்டு அனுப்புங்கள்.

விலகிப்போனவருக்கு எழுதுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் வேண்டாம், தனியாக. "நான் சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன விதம்..." என்று ஆரம்பிக்காதீர்கள். திரும்பி வரச் சொல்லியும் கேட்காதீர்கள், அது அவர் முடிவு. "உங்கள் குரலைப் பற்றி நான் எழுதியது தவறு. மன்னித்துவிடுங்கள்" என்று இரண்டு வரி. அந்தப் பாட்டிலிருந்து ஏதாவது ஒரு வரியோ, மெட்டின் ஒரு வளைவோ உங்கள் நினைவில் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டாம், மன்னிப்பு மட்டும் போதும். பதில் வராமலும் போகலாம்.

உங்கள் பாட்டுக்கு "அருமை" மட்டுமே வந்தது என்கிறீர்களே, அதற்கு நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த சுற்றில் பாட்டோடு ஒரு கேள்வியையும் அனுப்புங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை"தான் வரும். "வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள், பல்லவியின் இரண்டாவது வரி உங்கள் காதில் எப்படி விழுகிறது என்று அப்படியே எழுதுங்கள்" என்று கேளுங்கள். நான்கு பேர் நான்கு விதமாக எழுதினால், அன்றிரவே அந்த வரியைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய உட்கார்ந்துவிடுவீர்கள்.