கிணற்று நீர்மட்டம் அளப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பகுதி நீர்ப்படுகை (நிலத்தடியில் நீர் தங்கும் மண், பாறை அடுக்கு) ஆய்வுக்காக வீட்டு போர்வெல்லில் நீர்மட்டம் அளந்து தரக் கேட்டிருக்கிறார்கள். காலையில் 18 மீட்டர், மாலையில் 23 மீட்டர் வருகிறது. எதை எழுதித் தருவது?

பதில்: மாலை அளவு உங்கள் மோட்டார் இறைத்ததைக் காட்டுகிறது. ஆய்வுக்கு வேண்டியது கிணறு ஓய்ந்திருக்கும்போது உள்ள மட்டம். மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் குழிந்துவிடும். நிறுத்திய பிறகு சுற்றுப்புற நீர் ஊறி வந்து அந்தக் குழியை நிரப்ப வேண்டும். மணற்படுகையில் இது சீக்கிரம் நடக்கும். பிளவுகள் குறைந்த பாறையில் ஒரு நாள்கூடப் போதாமல் போகலாம்.

இரவு முழுக்க ஓய்வு கொடுத்து, விடியற்காலையில் மோட்டார் போடும் முன் அளப்பதே நல்லது. 10 நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் மட்டம் மேலே ஏறினால் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. மூன்றும் 1 சென்டிமீட்டருக்குள் நின்றால் எழுதலாம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடுகிறதா என்றும் குறியுங்கள்; அதன் இழுப்பு உங்கள் கிணறு வரை வரக்கூடும். காத்திருக்க நேரமில்லையா? ‘நிறுத்தி 40 நிமிடம், ஏறிக்கொண்டிருந்தது’ என்று அளவோடு சேர்த்து எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் தவறான எண் வரைபடத்தில் ஏறி, இல்லாத பள்ளத்தைக் காட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண எஃகு அளவு நாடாதான். போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். ஆழம் அதிகமில்லாத கிணற்றில் கவனமாக அளந்தால் சில மில்லிமீட்டர் வரை நம்பலாம்.

முதலில் அளவுப் புள்ளி. கேசிங் பைப்பின் (போர் சரியாமல் இருக்க இறக்கிய குழாயின்) மேல் விளிம்பில் ஓரிடத்தில் அழியாத கோடு போடுங்கள். அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எப்போது அளந்தாலும், யார் அளந்தாலும் அதே கோடுதான். பின்னாளில் மேடை உயர்த்திக் கட்டினாலோ பைப்பை வெட்டினாலோ அந்த மாற்றத்தையும் தேதியோடு எழுத வேண்டும்.

நாடாவின் கீழ் 2 மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து மெதுவாக இறக்குங்கள். 20.00 என்ற குறி அளவுப் புள்ளியில் நிற்கும்படி பிடித்து, உடனே மேலே இழுங்கள். நனைந்த சாக்பீஸ் கருத்து, உலர்ந்த வெள்ளையோடு கூரிய கோடாகப் பிரிந்து தெரியும். வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் வெளியே வந்ததும் படியுங்கள். கோடு 1.37இல் இருந்தால் ஆழம் 20.00 – 1.37 = 18.63 மீட்டர். இரண்டாம் முறை 20.20இல் பிடியுங்கள், கோடு 1.57இல் வர வேண்டும். திரும்பவும் 20.00இலேயே பிடித்தால் கண் பழைய எண்ணைத்தான் தேடும்.

நுனியில் கட்டும் எடை பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். குடிநீர்க் கிணற்றில் ஈயம் கூடாது. அதை மெல்லிய கம்பியால் கட்டுங்கள். எடை மோட்டார் கேபிளில் சிக்கினால் கம்பி அறுந்து நாடாவாவது மீளும். ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் குளோரின் கலந்த நீரால் நாடாவைத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தம் குடிநீர்க் கிணற்றைத் திறந்துவிட்டவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.

கேள்வி: நுனி நீரைத் தொட்டதும் பீப் ஒலி தரும் மின் நாடாவில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறதே?

பதில்: நுனி ஈரமான பைப் சுவரைத் தொட்டாலும் ஒலிக்கும். மேல்மட்டப் பிளவிலிருந்து நீர் வழிந்து விழும் கிணறுகளில் இந்தத் தொல்லை அதிகம். ஒலி விட்டுவிட்டு வந்தால் இன்னும் இறக்குங்கள்; நிலையாக ஒலிக்கும் இடம்தான் நீர்மட்டம். நீர்மேல் மோட்டார் எண்ணெய் மிதந்தாலும் அளவு தவறும். நாளடைவில் மின் நாடாவின் கேபிள் நீளும் என்பதால், அவ்வப்போது எஃகு நாடாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் 10 மீட்டரில் தண்ணீர், எங்களுக்கு 14 மீட்டர். அவர்கள் பக்கம்தான் நீர் அதிகமா?

பதில்: ஆழத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கடல்மட்டத்திலிருந்து உங்கள் அளவுப் புள்ளி 182.40 மீட்டர், ஆழம் 14.25 என்றால் நீர்மட்டம் 168.15. அவர்களுடையது 176.10இல் 9.80 போக 166.30. உங்கள் நீர்தான் உயரத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே படுகை என்றால், மட்டம் உங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் சரிகிறது. நீரோட்டத்தின் சரியான திசை தெரிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். அவற்றையும் ஓரிரு நாளுக்குள் அளந்துவிட வேண்டும்.

‘ஒரே படுகை என்றால்’ என்பதைக் கவனியுங்கள். திறந்த கிணறு மேல்மண் நீரைக் காட்டும், ஆழ்துளை கீழே பாறை நீரைக் காட்டும். அதனால் ஒவ்வொரு அளவோடும் கிணற்றின் மொத்த ஆழம், கேசிங் இறங்கிய ஆழம், துளையுள்ள பைப் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். போர் போட்டபோது எழுதிய சீட்டு வீட்டில் இருந்தால் அதைப் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.