நிறம், கூலி, கல்லூரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அங்குள்ள கல்லூரிகளைப் பற்றி வாசிக்கும்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் 2018-இல் நடந்த சர்ச்சை கண்ணில் பட்டது. கறுப்பின மாணவி ஒருவர் தன்னிடம் இனவெறி காட்டப்பட்டதாகச் சொன்னார். கல்லூரி உடனே மன்னிப்புக் கேட்டது. பிறகு விசாரணையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடுவில் துப்புரவுப் பணியாளரும் உணவுக்கூட ஊழியரும் மாட்டிக்கொண்டார்கள். "அப்போ இனம் என்பது அங்கே வெறும் சாக்கு, உண்மையான பிரச்சினை பணம்தான்" என்கிறாள் மகள். மாணவர்களைச் சேர்ப்பதிலும் வருமானத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தி.ரா.
திருச்சி

அன்புள்ள தி.ரா.,

உங்கள் மகள் பாதியைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மீதிப் பாதியையும் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

2018 ஜூலை 31. கோடை விடுமுறை. அந்த மாணவி வளாகத்திலேயே தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவர் முகாமுக்காக ஒதுக்கப்பட்டிருந்த உணவுக்கூடத்தில் சாப்பாடு வாங்கிக்கொண்டு, மூடியிருந்த விடுதியின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தார். வயதான துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தார். புதிதாக யாரையாவது கண்டால் நீங்களே போய்க் கேட்காதீர்கள், வளாகக் காவல்துறைக்குப் போன் செய்யுங்கள் என்பது ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த வழிமுறை. அவர் அதைத்தான் செய்தார். அந்த அழைப்பில் அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த காவலரிடம் துப்பாக்கி கிடையாது. சில நிமிடம் பேசி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவே அது ஃபேஸ்புக்கில் வந்தது. கல்லூரித் தலைவர் யாரையும் விசாரிக்கும் முன்பே மாணவியிடம் மன்னிப்புக் கேட்டார். போன் செய்தவர் விடுப்பில் அனுப்பப்பட்டார். மாணவி, இன்னொரு துப்புரவுப் பணியாளரையும் உணவுக்கூடப் பெண் ஒருவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். இவர்கள் இருவருமே அந்த போன் அழைப்பைச் செய்தவர்கள் இல்லை. கல்லூரியே அமர்த்திய வெளி வழக்கறிஞர் நிறுவனம் அக்டோபரில் அறிக்கை தந்தது: இனப் பாகுபாடு நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதன் பிறகும், ஆழ்மனதில் இருக்கும் சாய்வு ஒரு காரணமாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது என்றுதான் தலைவர் எழுதினார். ஊழியர்களிடம் கல்லூரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவில்லை. மாறாக, எல்லா ஊழியர்களுக்கும் பாகுபாடு எதிர்ப்புப் பயிற்சி வைத்தது.

2021-இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதிய பிறகுதான் அந்த ஊழியர்களின் தரப்பு பரவலாக வெளியே தெரிந்தது. கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அப்போதே ஆண்டுக்கு 78,000 டாலரைத் தாண்டிய கல்லூரி அது. அந்த உணவுக்கூடப் பெண்ணின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய அதில் பாதி. அவர் இனவெறியர் என்று ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பெயரைத் துடைக்க அவருக்கு யார் இருந்தார்கள்? கல்லூரியிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், செய்தித் தொடர்பாளர்கள் இருந்தார்கள். இதைப் படித்து எனக்கும் உங்கள் மகளுக்கு வந்த கோபம்தான் வந்தது.

ஆனால் அந்த மாணவியின் பயம் பொய் இல்லை. அதே ஆண்டு மே மாதம் யேல் பல்கலைக்கழகத்தில், தன் விடுதியின் பொது அறையில் கண்ணயர்ந்த கறுப்பின ஆய்வு மாணவியைப் பார்த்து ஒரு வெள்ளையின மாணவி போலீஸைக் கூப்பிட்டார். தன் அறைக் கதவைச் சாவி போட்டுத் திறந்து காட்டிய பிறகும் அவரிடம் அடையாள அட்டை கேட்டார்கள். அதற்குச் சில நாள் முன்பு, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க இரண்டு பழங்குடிச் சகோதரர்கள் நியூ மெக்சிகோவிலிருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்தார்கள். சுற்றிப் பார்க்கும் குழுவில் இருந்த வேறொரு மாணவரின் தாய்க்கு அவர்கள் அமைதியாக நின்றதே சந்தேகமாகிவிட்டது. அவசர எண்ணுக்குப் பேசினார். போலீஸ் விசாரித்து விடுவதற்குள் குழு நகர்ந்துவிட்டது, பையன்கள் பார்க்க வந்ததைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண், சீருடை அணிந்தவர் தன்னை நோக்கி வரும்போது வேறு என்ன நினைப்பாள்? நடந்ததை அவர் தவறாகப் புரிந்துகொண்டார், குற்றமில்லாதவர்களைப் பெயர் சொல்லிக் காயப்படுத்தினார், அது அநியாயம். ஆனால் அந்தப் பயத்தை அவர் கற்பனையில் உண்டாக்கவில்லை.

ஆக, ஒரு பக்கம் பயந்த மாணவி, மறுபக்கம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். இவர்களை மோதவிட்டுவிட்டுக் கல்லூரி நல்ல பெயரோடு ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான். மன்னிப்புக் கடிதத்துக்குச் செலவு இல்லை. பயிற்சி வகுப்புக்குக் கொஞ்சம் செலவு. யாரைச் சேர்க்கிறோம், யாருக்கு எவ்வளவு சம்பளம் தருகிறோம் என்பதை மாற்றத்தான் பெரிய செலவு.

யாரைச் சேர்க்கிறார்கள் என்பதையே பாருங்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 38 கல்லூரிகளில், வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழ் 60 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட அதிகம். ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் எட்டுக் கல்லூரிகளில் ஐந்து அந்தப் பட்டியலில் உண்டு. சேர்க்கையில் ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்தவர்கள், அனுமதி பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், பேராசிரியர், ஊழியர் பிள்ளைகள், நன்கொடையாளர் உறவினர்கள் போன்றோர் அடங்கிய சிறப்புப் பட்டியலில் இருந்தார்கள் என்று கண்டார்கள். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் படித்த கல்லூரி என்ற சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. தகுதி வென்றது என்று நம்மவர்கள் பலர் அன்று கொண்டாடியது எனக்கு வேதனையாக இருந்தது.

இங்கேதான் உங்கள் மகளின் இரண்டாவது கருத்தோடு நான் முரண்படுகிறேன். வருமானம் மட்டும் போதாது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்துக்குக் கடன் போக மிஞ்சும் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். அடிமை முறை, அதற்குப் பின் வந்த பிரிவினைச் சட்டங்கள், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுத்த அரசுக் கொள்கை, இவற்றின் மிச்சம்தான் இந்த இடைவெளி. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்குத் தாத்தா வாங்கிய வீடு இருக்கும், மற்றதற்கு இருக்காது. சம்பளச் சான்றிதழில் இது தெரியாது. தீர்ப்புக்குப் பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் 5 சதவீதம். முந்தைய சில ஆண்டுகளின் சராசரி 13.

ஸ்மித் கல்லூரியைப் பற்றி இன்னொன்றும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2022 இலையுதிர் பருவத்திலிருந்து அது தன் உதவித்தொகையில் கடனை நீக்கி, அந்த இடத்தில் திருப்பித் தர வேண்டாத மானியத்தைக் கொடுக்கிறது. இது காசு செலவாகும் காரியம். இதை மனமார வரவேற்கிறேன். கூடவே அந்த ஊழியர்களிடமும் வெளிப்படையாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, மகள் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பார்க்கிறீர்கள் அல்லவா? பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் தங்கள் தளத்தில் போடுகின்றன. அதில் சி7 என்ற பட்டியலில், முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதற்கு அந்தக் கல்லூரி எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்று இருக்கும். அப்புறம் பெல் மானியம் வாங்கும் மாணவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஏழை வீட்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசு தரும் மானியம் அது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, அந்தக் கல்லூரி இன நீதியைப் பற்றி வெளியிடும் அறிக்கைகளை மகள் படிக்கட்டும்.